குடலும் ஈரலும்: ஒரு நோய்த்தொடர்பின் வரலாறும் பிறப்புரிமையியலின் எல்லைகளும்

அறிவியலின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர் பெயர்களின் நிரலாகவும் ஆண்டுகளின் அடைவாகவும் எழுதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாக எழுதிய முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. இலக்கியத்தைச் சமூக உறவுகளின் பகைப்புலத்தில் வைத்து நோக்கும் முறை ஆய்வுலகில் ஓரளவு வேரூன்றிவிட்டது. அந்நோக்கினை மருத்துவ அறிவின் மீதும் செலுத்திப் பார்ப்பதற்கு, குடல் நோய்க்கும் ஈரல் நோய்க்கும் இடையிலான தொடர்பு பற்றிய ஆய்வு தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

இங்கு நாம் கருத்திற் கொள்ளும் நோய்கள் மூன்று. முதலாவது, பெருங்குடலின் உட்படையிற் புண்ணும் குருதிக்கசிவும் தோற்றுவிக்கும் பெருங்குடற் புண்ணழற்சி. இரண்டாவது, உணவுக்கால்வாயின் எப்பகுதியையும் தாக்கவல்ல குறோனின் நோய். மூன்றாவது, ஈரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுசெல்லும் கான்கள் அழற்சியுற்று, தழும்பேறி, படிப்படியாகச் சுருங்கி, ஈற்றில் ஈரலையே செயலிழக்கச் செய்யும் நோய். இதனை இக்கட்டுரையிற் பித்தக்கான் தழும்பழற்சி எனக் குறிப்போம். வட ஐரோப்பாவில் இம்மூன்றாவது நோய்க்கு ஆளானோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேருக்குக் குடலழற்சியும் இருக்கின்றது. ஆனால் பெருங்குடற் புண்ணழற்சி உடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடமே ஈரல் நோய் காணப்படுகின்றது. இவ்விரு நோய்களும் ஒரே பரம்பரை வித்திலிருந்து முளைத்தவையா என்பதே வினா. இதற்குக் கிடைத்த விடை மருத்துவத்தின் எல்லையைக் கடந்து, மனிதனைப் பற்றிய நமது கருத்துநிலையையே தொடுவதாகும்.

1. ஈரலின் ஆட்சியும் வீழ்ச்சியும்

‘ஈரற்குலை நடுங்கியது’ என நம் பேச்சுவழக்கிற் கூறுவதுபோல, உயிர்நிலையின் இருப்பிடமாக ஈரலைக் கருதிய சமுதாயங்கள் பல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குடலிற் செரித்த உணவின் சாறு வாயினாளம் வழியே ஈரலை அடைந்து அங்கே குருதியாக மாறுகின்றது எனக் கொண்டார். இக்கோட்பாடு ஐரோப்பிய, அராபிய மருத்துவங்களில் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கோலோச்சியது.

17ஆம் நூற்றாண்டில் இவ்வாட்சி சரிந்தது. 1628இல் வில்லியம் ஹாவி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார். 1651இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கே, குடலிலிருந்து புறப்படும் வெண்ணிறக் குழாய்களின் சாறு ஈரலைத் தீண்டாமலே நெஞ்சறையூடாகக் குருதியிற் கலப்பதைக் காட்டினார். டென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் பார்த்தொலின் இதனைத் தொடர்ந்து, குருதியாக்கும் பணியை இழந்த ஈரலுக்கு ஒரு கல்லறை வாசகமே எழுதினார். மன்னராட்சிகள் ஆட்டங்கண்ட அந்நூற்றாண்டில் உடலின் அரசன் ஒருவனுக்கு இரங்கற்பா எழுதப்பட்டமை சிந்தனைக்குரியது.

எனினும், பிழையான கோட்பாடொன்று சரிந்தபோது அதனுள்ளிருந்த சரியான அவதானம் பொய்யாகிவிடவில்லை. ஈரல் பெறும் குருதியில் ஏறத்தாழ முக்காற்பங்கு இன்றும் வாயினாளத்தின் வழியே, பெரும்பாலும் குடலிலிருந்தே வருகின்றது. குடல் உறிஞ்சும் போசணை, நஞ்சு, பற்றீரியாக்களின் சிதைவுகள் ஆகியவற்றுட் பெரும்பாலானவற்றை முதலில் எதிர்கொள்ளும் உறுப்பு ஈரலே. நோய்த்தொடர்பினைப் பற்றிய பிற்கால விவாதம் முழுவதற்கும் இவ்வுடற்கூற்று உண்மையே பொருளியல் அடித்தளமாகும்.

2. நோயா, நஞ்சா?

பெருங்குடற் புண்ணழற்சி மருத்துவ எழுத்திற் பதிவான வரலாறு ஒரு கொலை வழக்குடன் பிணைந்தது. 1859இல் இங்கிலாந்தில் இசபெல்லா பாங்ஸ் என்ற வசதிபடைத்த பெண் கடும் வயிற்றோட்டத்தால் மாண்டார். ஏற்கெனவே மணமான தோமஸ் ஸ்மெதர்ஸ்ற் என்ற மருத்துவர் அவரையும் மணந்திருந்தார். இறப்பதற்குச் சற்று முன்னர் அப்பெண் தமது சொத்தை அவர் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். ஆசனிக்கு நஞ்சூட்டியதாக ஸ்மெதர்ஸ்றுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், கண்டறியப்பட்ட ஆசனிக்கு, அரசதரப்பு நிபுணர் சோதனைக்குப் பயன்படுத்திய செப்பு வலையிலேயே இருந்ததென்பது பின்னர் வெளிப்பட்டது. மரணதண்டனை நீக்கப்பட்டு, இருதார மணத்துக்காக மட்டும் அவர் சிறை சென்றார். இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் அப்பெண்ணின் குடலைப் பற்றி அதே ஆண்டில் எழுதிய குறிப்பே இந்நோயின் தொடக்க விவரணமாகப் பின்னர் கொள்ளப்பட்டது.

பெயரிடப்படாத நோயொன்றை அச்சமுதாயம் தனக்குப் பழகிய மொழியிலேயே வாசித்தது. சொத்து, உயில், வாரிசு ஆகியவற்றை அச்சாணியாகக் கொண்ட நடுத்தரவர்க்க உலகில், காரணம் தெரியாத சாவு சொத்துக்கான கொலையாகவே தோன்றியது. நோய்க்காரணம் பற்றிய விளக்கங்கள் அவ்வச்சமுதாயத்தின் கவலைகளைச் சுமந்து வருவதை இவ்வரலாறு நெடுகிலும் காணலாம்.

1870களில் பிலடெல்பியாவில் இறந்த இளைஞர் ஒருவரின் உடலிற் பெருங்குடற் புண்களும் மிகப் பருத்த கொழுப்பேறிய ஈரலும் ஒருங்கே காணப்பட்டமையை தோமஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். இரு உறுப்புக்களின் நோய்களையும் இணைத்துக் காட்டிய முதற் குறிப்புக்களுள் இது ஒன்று. ஆயினும் பிரேத பரிசோதனை மேசையில் ஒருங்கே தெரிவதைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது எனக் கூறவியலாது.

1932இல் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குறோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் இறுதிப்பகுதியைத் தாக்கும் அழற்சி பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். இவ்வைத்தியசாலை 1852இல் யூதர் வைத்தியசாலையாகத் தொடங்கப்பட்டது. அங்கு வந்த நோயாளரிற் பலர் யூதராயிருந்தமையால் இது யூதரின் நோய் என்ற எண்ணம் பரவியது. யாரிடம் நோய் தேடப்பட்டதோ அவரிடமே அது கண்டெடுக்கப்பட்டது என்பதும் இதிற் பெரும்பங்கு வகித்தது. இன்னொரு புறத்தில் உளப்பகுப்பாய்வுச் சிந்தனை செல்வாக்குப் பெற்றது. பிரான்ஸ் அலெக்சாந்தர் 1950இல் வெளியிட்ட நூல், பெருங்குடற் புண்ணழற்சியை உளப்போராட்டத்தில் வேரூன்றிய நோய்களுள் ஒன்றாக விளக்கிற்று. குருதி சிந்திய நோயாளியின் குணவியல்பே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. 1859இல் வெளியே தேடப்பட்ட குற்றவாளி நூறாண்டுக்குள் நோயாளியின் உள்ளத்துக்குள்ளேயே குடியேற்றப்பட்டான் எனலாம்.

3. கருவியும் புதிரும்

பித்தக்கான் தழும்பழற்சி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அரிதினும் அரிதான நோயாகவே கருதப்பட்டது. வயிற்றைக் கீறிப் பார்த்தாலன்றி அதனை உயிருள்ளவரிடம் காண வழி இருக்கவில்லை. 1960களின் இறுதியில் உருவாகி 1970களிற் பரவிய புதியதொரு முறை இந்நிலையை மாற்றியது. வாய்வழியே செலுத்தப்படும் உள்நோக்கு கருவி மூலம் பித்தக்கானினுள் சாயமேற்றிக் கதிர்ப்படம் எடுக்க முடிந்தது. சுருங்கியும் விரிந்தும் மணிகோத்தாற்போலத் தோன்றும் பித்தக்கான்கள் படங்களில் அடுத்தடுத்துத் தெரியலாயின. உற்பத்திக் கருவிகளின் வளர்ச்சி சமுதாயத்தின் பார்வையை மாற்றுவதுபோல, ஆய்வுக் கருவியின் வளர்ச்சி நோயின் இருப்பையே மாற்றியமைத்தது.

கருவி தந்த தெளிவோடு புதிரும் வளர்ந்தது. குடலிலிருந்து வரும் பற்றீரியாக்களும் நச்சுப்பொருள்களும் வாயினாளம் வழியே ஈரலைத் தாக்குவதே காரணமாயின், பெருங்குடலை அகற்றிவிட்டால் ஈரல் நோய் தணிதல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பெருங்குடல் அகற்றப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் சிலரிடம் ஈரல் நோய் தோன்றியது. இத்தகையோரின் குடலழற்சியும் வழமையான பெருங்குடற் புண்ணழற்சியை ஒத்ததாக இல்லை. அது பெருங்குடல் முழுவதும் பரவியும் நோவு குறைந்தும் காணப்பட்டது. நோயாளி தன்னை நலமுள்ளவராகவே உணர்கின்றார். ஆனால் அவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் அபாயம் ஏனைய புண்ணழற்சி நோயாளருக்குரியதை விட அதிகம். ஆகவே இவ்விரு நோய்களின் உறவை அறிதல் ஏட்டுச் சர்ச்சையாக இருக்கவில்லை. உயிர்காக்கும் பரிசோதனையை யாருக்கு, எப்போது செய்வது என்ற நடைமுறை வினாவாயிற்று.

4. பிறப்புரிமையியலின் இரு நிழல்கள்

இக்கட்டத்திலேயே பரம்பரை பற்றிய ஆய்வு முன்னணிக்கு வந்தது. முற்போக்கு வாசகர் பலர் ‘பரம்பரை’ என்ற சொல்லைக் கேட்டதும் ஐயுறுவதற்கு வரலாற்று நியாயம் உண்டு. 1883இல் பிரான்சிஸ் கால்டன் பெயரிட்ட இனமேம்பாட்டியல், 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திற் கட்டாயக் கருத்தடைச் சட்டமாயிற்று. 1933இல் நாசி ஜேர்மனியின் சட்டமாகி, ஈற்றிற் கொலைக்கூடங்களுக்கு வழிகாட்டியது. வறுமையையும் நோயையும் குருதியின் குற்றமாகக் காட்டுவது ஆளும் வர்க்கத்துக்கு எக்காலத்தும் வசதியான தத்துவமாகும்.

ஆனால் மறுபுறத்தில் நிகழ்ந்ததையும் மறைத்தல் ஆகாது. சோவியத் நாட்டிற் பிறப்புரிமையியல் முதலாளித்துவ விஞ்ஞானம் என முத்திரை குத்தப்பட்டது. பயிரினங்களின் தோற்றமையங்களைத் தேடி உலகெங்கும் விதை சேகரித்த நிக்கலாய் வவிலோவ் 1940இற் கைதாகி 1943இற் சிறையில் மாண்டார். 1948இல் லைசெங்கோவின் கருத்தே அரச கொள்கையாயிற்று. 1965இல் அவர் செல்வாக்கிழக்கும் வரை உழவரும் மாணவரும் அதன் விலையைச் செலுத்தினர். கோட்பாட்டின் பெயரால் மெய்ம்மையை மறுப்பது பொருள்முதல்வாதமாகாது.

இவ்விரு திசைத் தவறுகளையும் கடந்து சிந்தித்த மார்க்சியரும் இருந்தனர். பிரித்தானியாவிலிருந்து 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இற் புவனேசுவரத்திற் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேன், தொற்றுநோய்களே மனிதனின் பரம்பரை வேறுபாடுகளைத் தெரிவு செய்து வளர்த்த பேராற்றல் என 1949இல் வாதிட்டார். றிச்சாட் லெவொன்றின் 1974இல், பரம்பரையும் சூழலும் ஒன்றையொன்று பாதிக்குமிடத்து, விளைவில் இத்தனை பங்கு இதனது, இத்தனை பங்கு அதனது எனப் பிரித்தளித்தல் பொருளற்றது எனக் காட்டினார். குடல், ஈரல் ஆய்வின் முடிவுகளை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு கருத்துக்களும் திறவுகோல்களாகும்.

5. பரம்பரையலகுகள் கூறியது என்ன?

1982இலும் 1983இலும் நோர்வே, பிரித்தானியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர், பித்தக்கான் தழும்பழற்சி உடையோரிடம் எச்.எல்.ஏ. பி8 என்னும் இழைய அடையாளம் மிகுந்து காணப்படுவதை வெளியிட்டனர். இது 6ஆம் நிறமூர்த்தத்தில், தன்னையும் பிறவற்றையும் பிரித்தறியும் நிர்ப்பீடனத் தொகுதிக்குரிய பகுதியாகும். ஈரல் நோய்க்குப் பரம்பரை அடிப்படை உண்டென்பதற்கான முதற் சான்று இவ்வாறு கிட்டியது.

1988இற் சுவீடனில் வெளியான இரட்டையர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஒருவரேனும் குறோனின் நோயுற்றிருந்த 18 ஒத்த இரட்டைச் சோடிகளில் 8 சோடிகளிலேயே இருவரும் நோயுற்றனர். பெருங்குடற் புண்ணழற்சியில் 16 சோடிகளில் ஒன்றிலேயே அவ்வாறு நிகழ்ந்தது. பரம்பரையலகுகள் ஒத்திருந்தும் விதி ஒத்திருக்கவில்லை.

2001இற் குறோனின் நோயுடன் தொடர்புடைய முதலாவது பரம்பரையலகான நொட்2 இனங்காணப்பட்டது. இது பற்றீரியாச் சுவரின் சிதைவை உணரும் பொறிமுறைக்குரியது. இதன் பின்னர், முழுமொத்தப் பரம்பரைத் தொகுதியையும் ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோரிடம் ஒப்பிடும் முறை வளர்ந்தது. 2012இல் 75,000க்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு, குடலழற்சி நோய்களுடன் தொடர்புடைய 163 இடங்களைப் பட்டியலிட்டது. அவற்றுட் பல காசநோய், தொழுநோய் ஆகியவற்றை உண்டாக்கும் பற்றீரியா வகையை எதிர்க்கும் ஆற்றலுடனும் தொடர்புடையவை எனக் காணப்பட்டமை ஹால்டேனின் கருத்துக்கு வலுவூட்டுகின்றது. எப்.யூ.ரி.2 என்ற பரம்பரையலகின் ஒரு வடிவம் குடலிலுள்ள நுண்ணங்கிகளின் சேர்க்கையை மாற்றுகின்றது. பரவலான சில நோரோ வைரசுகளிலிருந்து அது காக்கின்றது. அதே வடிவம் குறோனின் நோய்க்கும் பித்தக்கான் தழும்பழற்சிக்கும் உள்ள வாய்ப்பைக் கூட்டுகின்றது. நன்மையும் தீமையும் அலகிற் பொறிக்கப்பட்ட குணங்களாக இல்லை; வாழ்நிலையே அவற்றைத் தீர்மானிக்கின்றது.

நமது வினாவுக்கான நேர்விடை 2017இல் வெளிவந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 4,796 ஈரல் நோயாளரை 19,955 பிறருடன் ஒப்பிட்ட ஆய்வு, நோய்களிடையேயான பரம்பரை ஒப்புமையை அளந்தது. முழு ஒப்புமையை 1 எனவும் ஒப்புமையின்மையை 0 எனவும் கொண்டால், பித்தக்கான் தழும்பழற்சிக்கும் பெருங்குடற் புண்ணழற்சிக்கும் இடையிலான அளவு 0.29. குறோனின் நோயுடன் அது 0.04 மட்டுமே. ஆனால் குடல் நோய்கள் இரண்டுக்குமிடையே 0.56 ஆக இருந்தது. உறவு உண்டு, ஆயின் ஒருமை இல்லை. நூற்றுக்கு 70 பேரிடம் சேர்ந்து வாழும் நோய்கள், பரம்பரை வித்தைப் பொறுத்தமட்டில் தூரத்து உறவினராகவே காணப்பட்டன. பகிரப்பட்ட பரம்பரை மட்டும் இந்நோய்த்தொடர்பை முற்றாக விளக்க மாட்டாது என ஆய்வாளரே முடிவு கூறினர்.

பரம்பரையிற் காரணத்தைத் தேடிச் சென்ற விஞ்ஞானம் தன் சொந்தக் கருவிகளாலேயே பரம்பரையின் எல்லையை வரைந்து காட்டியமை இவ்வரலாற்றின் உச்சமாகும். இது பிறப்புரிமையியலின் தோல்வி எனக் கருதுவோர் விஞ்ஞானத்தின் இயக்கவியலை உணராதவராவர். சூழல் எனப் பொதுப்படப் பேசிவந்ததற்கு எங்கே, எவ்வளவு இடமுண்டு என்பதை அளந்து சொல்லும் தகைமையை அது நமக்குத் தந்துள்ளது.

6. புலம்பெயர்வோர் தரும் சான்று

பரம்பரையலகுகள் ஒரு தலைமுறையில் மாறுவதில்லை, வாழ்நிலை மாறலாம். 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து ஆசியரை 90 நாட்களுள் வெளியேறப் பணித்தபோது, லெஸ்ரர் நகரசபை அவர்களைத் தம் நகருக்கு வரவேண்டாமென உகண்டாப் பத்திரிகையில் விளம்பரமே செய்தது. எனினும் பல்லாயிரவர் அந்நகரை அடைந்து ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்தனர். 1992இல் வெளியான ஆய்வொன்று, அந்நகரைச் சூழ்ந்த பகுதியில் வாழும் இந்திய வழியினரிடையே பெருங்குடற் புண்ணழற்சி ஐரோப்பியரை விட மிகுந்து காணப்படுவதை வெளியிட்டது.

ஆசியாவில் வாழ்வோரிடையே இந்நோய் இன்னும் அரிதே. இலங்கை உட்பட ஆசிய பசுபிக் நாடுகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வின்படி, ஆசியாவில் ஆண்டுக்கு 1 இலட்சம் பேரில் 1.37 பேருக்கே குடலழற்சி நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவுஸ்திரேலியாவில் அது 23.67. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை அடிப்படையாகக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு, பெருங்குடற் புண்ணழற்சி 1 இலட்சத்தில் 5.3 பேரிடமும் குறோனின் நோய் 1.2 பேரிடமும் இருப்பதாகக் காட்டியது. நகரமயமாதலும் உணவு உற்பத்தி முறையின் மாற்றமும் ஆசியாவில் இவ்வெண்களை உயர்த்தி வருகின்றன.

இங்கே ஓர் ஏற்றத்தாழ்வும் கவனத்துக்குரியது. 2015இல் வெளியான பெரும் பரம்பரை ஆய்வில் ஐரோப்பிய வழியினர் 86,640 பேர். கிழக்காசிய, இந்திய, ஈரானிய வழியினர் அனைவரும் சேர்ந்து 9,846 பேர் மட்டுமே. ஐரோப்பியரிடம் முதன்மை பெறும் நொட்2 மாற்றங்கள் கிழக்காசியரிடம் அநேகமாகக் காணப்படுவதேயில்லை. ஐரோப்பிய உடலை மனித உடலின் பொதுவடிவாகக் கொள்ளும் அறிவு, நமது நோயாளரின் பரம்பரையையும் வாழ்நிலையையும் ஒருங்கே காணத் தவறுகின்றது.

7. கூட்டு உழைப்பும் அதன் பயனும்

அரிதான நோயொன்றினை எந்தவொரு தனி வைத்தியசாலையும் ஆராய்ந்து முடிக்க இயலாது. 4,796 பேரின் குருதி, பல நாடுகளின் வைத்தியசாலைகளில், நோயாளரால் வழங்கப்பட்டதாகும். தாதியர், ஆய்வுகூட ஊழியர், கணக்கியலாளர், மருத்துவர் எனப் பல்லோரின் உழைப்பு அதிற் கலந்துள்ளது. அறிவுற்பத்தி இங்கே முழுமையாகச் சமூகமயமாகியுள்ளது. அதன் பயன் யாரைச் சேரும் என்பதே எஞ்சியுள்ள முரண்பாடு.

2024இல் இலண்டனைச் சேர்ந்த ஆய்வாளர், 21ஆம் நிறமூர்த்தத்திற் பரம்பரையலகே இல்லாத பாழ்நிலமென ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பகுதி, ஈ.ரி.எஸ்.2 என்னும் பரம்பரையலகினைத் தூண்டி அழற்சிக் கலங்களை இயக்குவதைக் காட்டினர். குடலழற்சி நோய்களுக்கும் பித்தக்கான் தழும்பழற்சிக்கும் பொதுவான இடம் அது. இவ்வியக்கத்தைத் தணிக்கவல்ல மருந்துகள் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளமை நம்பிக்கை தருவதாகும். ஏனைய உறுப்புக்களைத் தாக்காது அவற்றைச் செலுத்துவதே சிக்கல். பித்தக்கான் தழும்பழற்சி உடையோரின் ஆயுளை நீட்டுவதாக நிறுவப்பட்ட மருந்து எதுவும் இதுவரை இல்லை. பெரும்பாலும் நம்பப்பட்ட பித்தவமில மருந்தொன்று, உயர்ந்த அளவிற் கொடுக்கப்பட்டபோது தீங்கே விளைத்தமை 2009இல் வெளியான ஆய்விலே தெரியவந்தது. ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையே இறுதிப் புகலிடம். அது உலகின் மிகப் பெரும்பாலோர்க்கு எட்டாத தொலைவில் உள்ளது.

கேலனின் ஆட்சி, இசபெல்லா பாங்ஸ் வழக்கு, குற்றஞ்சாட்டப்பட்ட உள்ளம், யூதர் நோய் என்ற முத்திரை ஆகிய படிகளைக் கடந்து வந்த இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது தெளிவானது. ஒரு காரணத்தைத் தேடி அதன்மேல் முழுப்பழியையும் சுமத்தும் ஆவல், விளக்கத்திற்கு அன்றி விலக்கலுக்கே பயன்பட்டு வந்துள்ளது. பரம்பரையலகை அஞ்சி ஒதுக்குவதும் அதனை விதியெனத் தொழுவதும் ஒரே ஆவலின் இரு வடிவங்களேயாகும். குடலும் ஈரலும் ஒரே குருதியாற் பிணைக்கப்பட்டிருப்பதுபோல, பரம்பரையும் வாழ்நிலையும் ஒரே வரலாற்றாற் பிணைக்கப்பட்டுள்ளன. அவ்வரலாற்றின் ஒரு பாதி ஆய்வுகூடங்களில் எழுதப்பட்டு வருகின்றது. நமது மக்களின் உணவு, உழைப்பு, உறையுள், புலப்பெயர்வு ஆகியவற்றை ஆராயும் மறுபாதியை எழுதும் பொறுப்பு, மருத்துவரோடு சமூக விஞ்ஞானிகளையும் சாரும். நமது பல்கலைக்கழகங்களில் அப்பணி ஒன்றிணைந்து தொடங்கப்படுதல் வேண்டும்.